தலைமாட்டில் தைத்த பெயர்

1

மலேசியாவில், ஈப்போ கடைத்தெருவில் மாடிக் கட்டடத்தில் மெத்தைக் கடை வைத்திருப்பது நான். முன்பு அது தகரக் கொட்டகை. மழை வந்தால் உள்ளேயே குடை பிடிக்க வேண்டும். அதை வாங்கி, இடித்து, சீனக் கொத்தனாரிடம் கையாலும் முகத்தாலும் பேசி, கட்டி எழுப்பியது நான். இனி ஓடாது என்று தோட்டத்துத் துரை ஒருவர் துருப்பிடிக்கப் போட்டிருந்த பஞ்சு அடிக்கும் யந்திரத்தைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊற வைத்து, மறுபடி ஓட விட்டது நான். திருச்சி பாலக்கரையில் பாதிச் சுவரோடு நின்ற எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றியது நான். தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தது நான். கடைசியாக ஒன்று, இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்: தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறவன், இரவில் கீழே விரித்தால் இடுப்பு நோகாமல் தூங்கக்கூடிய, பனியில் ஊறாத, ஒரு கையால் தூக்கக்கூடிய படுக்கையைத் திருச்சிராப்பள்ளியில் முதன்முதலில் செய்தது நான். அதற்குத் தோள்பாய் என்று பெயர் வைத்ததும் நான்.

இத்தனைக்கும் எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு. அதையும் முடிக்கவில்லை. என் தகப்பனார் வீடு வீடாகப் போய் மெத்தைப் பஞ்சு அடித்துக் கொடுப்பவர். பஞ்சு அடிக்கும் வில்லை அவர் ஒரு தோளிலும், மூட்டையை நான் ஒரு தோளிலும் சுமந்தால் பள்ளிக்கூடத்துப் பலகையைச் சுமக்க எனக்குத் தோள் மிச்சமில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

நம் ஊர் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, "தங்கள் வெளிநாட்டு அனுபவங்களை எழுதி அனுப்பவும்" என்று கேட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் உறையின் மேல் என் பெயருக்குக் கீழே 'பஷீர் முதலாளியின் மைத்துனர்' என்று போட்டிருந்தீர்கள். கடல் தாண்டி இத்தனை வருஷம் ஆகி, என்னை அடையாளம் சொல்ல உங்களுக்கு என் மச்சான் தேவைப்படுகிறார். அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

2

போன மாதம் பஷீரின் மகன் ஜமால் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினான். பஷீர் என் மனைவி மெஹருன்னிசாவின் அண்ணன். பெரிய கடை வீதிக்குப் பின்னால் பாய்க்கடை வைத்திருப்பவர். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும், சிலருக்கு அவர் வீட்டுப் பிரியாணியும் தெரியும். மகன் வியாபாரம் பார்க்க வந்தானாம். வந்த அன்றைக்கு எங்கள் கூடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்றால், என் மகன் ரஃபி தரையில் உருண்டுகொண்டிருந்தான்.

ரஃபி இங்கே கல்லூரியில் படிக்கிறான். மலையேறும் கழகம் என்று ஒன்றில் சேர்ந்திருக்கிறான். நான் வயிற்றுக்காக நடந்தேன். இவன் சும்மா நடக்கிறான், அதற்குச் சந்தாவும் கட்டுகிறான். கேமரன் மலைப் பக்கம் காட்டுக்குள் நடந்து, அங்கங்கே கூடாரம் அடித்துத் தூங்கப் போகிறார்களாம். அதற்குப் படுக்கை தேடுகிறான். சீமையிலிருந்து வரவழைத்த, வாயால் ஊதுகிற ரப்பர் மெத்தை ஒன்று. சீனன் கடையில் வாங்கிய ரப்பர் பஞ்சுச் சுருள் ஒன்று. என் கடைத் தராசைக் கூடத்துக்குத் தூக்கி வந்து இரண்டையும் மாறி மாறி நிறுத்துப் பார்க்கிறான், மாறி மாறிப் படுத்துப் பார்க்கிறான்.

"என்னடா, மெத்தைக்காரன் வீட்டுல மெத்தை ஆராய்ச்சியா?" என்றேன்.

"நம்ம கடை மெத்தையைத் தூக்கிக்கிட்டு மலை ஏற முடியாது அத்தா. ஏறினா, இறங்கும்போது என்னை நாலு பேர் தூக்கிக்கிட்டு வரணும்."

இப்படித்தான் பேசுவான். தமிழ் வீட்டுக்குள் மட்டும். வாசற்படி தாண்டினால் இங்கிலீஷ், தெரு முனை தாண்டினால் மலாய். நண்பர்கள் வந்தால் என்னைக் காட்டி என்னமோ சொல்வான், அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்து வைப்பேன்.

ஜமால் பெட்டியைத் திறந்தான். "மச்சான், அதையெல்லாம் மூட்டை கட்டு. இதைப் பாரு. ஊருல இப்ப இதுதான் பேச்சு. மாமாவுக்குப் பரிசா கொண்டாந்தேன்" என்று ஒரு சுருளை எடுத்துத் தரையில் உருட்டிவிட்டான்.

உருண்டு விரிந்தது. என் தோள்பாய்.

மேலே கோரை, கீழே கோரை, நடுவில் இலவம்பஞ்சு. பஞ்சு தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் மட்டும். கால் பக்கம் வெறும் பாய், தலைப்பக்கம் ஒரு முழத்துக்கு வெறும் பாய். சுருட்டினால் கட்டித் தோளில் மாட்ட இரண்டு பட்டை. பட்டையின் ஓரத்தில் பச்சை நூல் முடிச்சு. எல்லாம் நான் வைத்தது வைத்தபடி. ஒன்று மட்டும் புதிது. தலைமாட்டில், அந்த வெறும் இடத்தின் நட்ட நடுவில், சிவப்பு நூலில் கொட்டை எழுத்தில் தைத்திருந்தது: 'பஷீர் யாத்திரைப் பாய், திருச்சி'.

நான் செய்ததை எனக்கே பரிசாகக் கொண்டுவந்து, அதில் வேறொருவன் பெயரைத் தைத்து, "எப்படி மாமா?" என்று கேட்கிறான். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ரஃபி படுத்தான், புரண்டான், எழுந்து தராசில் போட்டான். முகம் மாறிவிட்டது. "ரொம்ப லேசா இருக்கே! நோவுற இடத்துல மட்டும் பஞ்சு. மத்த இடம் சும்மா. இதை யோசிச்சவன் கெட்டிக்காரன்."

"அது நான்தான்டா" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தா, கிந்தா ஆத்துப் பாலத்தையும் நீங்கதான் கட்டினதாச் சொன்னீங்க."

"பலகை தூக்கினேன்னு சொன்னேன்."

"போன தடவை பாலம்னீங்க."

ஜமால் பணிவாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் எரிந்தது. "தப்பா நினைக்காதீங்க மாமா. இதைக் கண்டுபிடிச்சது எங்க அத்தா. சங்கத்து வருஷ விழாவுல பொன்னாடை போடுறாங்க. மலர்ல படத்தோட வருது."

"உங்க அத்தா கட்டிலை விட்டு இறங்கினா ஜட்காவுல ஏறுறவருடா! பள்ளிவாசலுக்கே வண்டியில போறவரு. அவருக்கு எதுக்கு இந்த யோசனை வருது?"

ரஃபி சமையலறைப் பக்கம் திரும்பினான். "அம்மா! அத்தா சொல்றது நிஜமா?"

மெஹர் நிலைப்படியில் நின்று பாயைப் பார்த்தாள், அண்ணன் மகனைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு உலையில அரிசி கிடக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

ஊர் நம்பாதது ஒரு பக்கம். பெற்ற பிள்ளை நம்பவில்லை, கட்டியவள் வாயைத் திறக்கவில்லை. நான் குரலை இறக்கிக்கொண்டேன். "சரி. படிச்ச பிள்ளைங்க ரெண்டு பேர் இருக்கீங்க. ஒரே கேள்வி. தலைமாட்டுல ஏன் பஞ்சு இல்லை?"

"தலையணை வைக்க" என்றான் ஜமால்.

"கனம் குறைய" என்றான் ரஃபி.

"ரெண்டு பேரும் ஃபெயில்" என்றேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

3

பதிலை அவர்களுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் தடவை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது என்னிடம் இருந்த ஒரே சொத்து மெத்தை. என் தகப்பனார் கடைசியாக அடித்த பருத்திப் பஞ்சு. "என் பிள்ளை கப்பல்ல தரையில படுக்கக் கூடாது" என்று தானே தைத்துக் கொடுத்தார். அம்மை ஊசி வரிசையில், சுங்க வரிசையில், டாக்டர் வரிசையில் அதைத் தலையில் வைத்துக்கொண்டே நின்றேன். வரிசையில் நிற்பவனைக் கீழே வைக்க விடமாட்டார்கள், மேலே வைத்திருந்தால் மறைக்கிறது என்று திட்டுவார்கள். அரசாங்க உத்தியோகஸ்தர்களுடன் எனக்கு ஏற்பட்ட முதல் பழக்கம் அது. இன்றுவரை அது மாறவில்லை.

எங்களுக்கு மேல்தளம். கூரை கிடையாது, கித்தான் மறைப்பு மட்டும். இரும்புத் தகடு பகலில் கொதிக்கும், விடியற்காலையில் பனி வழியும். ஒரு ஆளுக்கு ஒரு ஆள் அகலம். தூங்குவதும் அங்கேதான், தின்பதும் அங்கேதான், தொழுவதும் அங்கேதான். நான் மெத்தையை விரித்து, அதன் மேலேயே நின்று அந்தி மஃரிப் தொழுதேன். பக்கத்தில் மார்க்கம் படித்த அதிராம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர், எல்லோரும் ஹஜ்ரத் என்று கூப்பிடுவார்கள். நான் சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"தம்பி, உங்க நெத்தி எங்கே போவுது?"

"சஜ்தாவுக்குங்க" என்றேன். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைப்பது அது.

"சஜ்தாவுக்குப் போவலை. பஞ்சுக்குள்ள போவுது. அமுங்கிக்கிட்டே போனா எங்கே நிக்கும்? நெத்தி தரையை உணரணும் தம்பி. உங்களைப் பின்னாலேர்ந்து பார்த்தா தொழுவுறீங்களா தூங்குறீங்களான்னு தெரியலை."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானம். ஆனால் அவர் சொன்னது மார்க்கச் சட்டம், மறுக்க முடியாது. மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தொழலாம் என்றால் சுருட்டி வைக்க இடம் ஏது? அந்தப் பக்கம் ஒருவன் கால், இந்தப் பக்கம் ஒருவன் தலை.

மறுநாள் மழை. பருத்தி எப்படி நனையும் என்று உங்களுக்குத் தெரியும். மெத்தை எருமைக் கன்று கனம் ஆகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் நாற்றம். கப்பல்காரன் வந்து கடலைக் காட்டினான். நானும் இன்னொருவனும் தூக்கிப் போட்டோம். என் தகப்பனாரின் கடைசி வேலை கொஞ்ச தூரம் மிதந்து வந்தது, அப்புறம் காணோம்.

மிச்ச நாளெல்லாம் ஹஜ்ரத்தின் கோரைப்பாயில் பாதி. சாதாரணப் பாய்க்கும் இரும்புக்கும் வித்தியாசம் இல்லை. தூக்கம் வராமல் கிடந்து எனக்கு எங்கே நோகிறது என்று பார்த்தேன். தோள் எலும்பு, இடுப்பு எலும்பு. குதிகால் நோகவில்லை, கெண்டைக்கால் நோகவில்லை, தலைக்குத் துணி மூட்டை இருக்கிறது. மனுஷனுக்கு இரவில் நோவது இரண்டே இடம், அதற்காக ஆறடிக்குப் பஞ்சு அடைத்துத் தலையில் சுமக்கிறோம் என்று அந்த இரும்பின் மேல்தான் எனக்குப் புத்தியில் உறைத்தது. அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் பஞ்சு வைத்து, நெற்றி படும் இடத்தை வெறும் பாயாக விட்டால்? படுக்கவும் ஆச்சு, தொழவும் ஆச்சு, சுமக்கவும் ஆச்சு.

இதைப் பஷீர் எந்தக் கப்பலில் படுத்து யோசித்தார் என்று அவரைக் கேளுங்கள்.

4

ஈப்போ வந்ததும் கடை கிடைத்துவிடவில்லை. துணி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ரப்பர்த் தோட்டங்களுக்கு நடந்து விற்றேன். இருட்டினால் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் படுக்கை. அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் சிப்பாய்கள். சோதனைச் சாவடியில் என் படுக்கையைத்தான் முதலில் பிரிப்பார்கள். காட்டுக்குள் இருப்பவனுக்கு அரிசி கொண்டுபோகிறேனோ என்று சந்தேகம். நான் கோணிக்குள் இலவம்பஞ்சு அடைத்து முதல் மாதிரி ஒன்று தைத்து வைத்திருந்தேன். ஒரு சிப்பாய் துப்பாக்கி முனைக் கத்தியால் அதைக் குத்தி இழுத்தான். பஞ்சு பறந்து அவன் மீசையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவன் தும்ம, நான் சிரித்துவிட்டேன். அதற்காகச் சாயங்காலம் வரை வெயிலில் உட்கார வைத்தார்கள்.

அந்தக் குத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரே பையாக அடைத்தால் ஒரு கிழிசலில் எல்லாப் பஞ்சும் போய்விடும். கிழியாவிட்டாலும் நடக்க நடக்க ஒரு மூலையில் சேர்ந்துகொள்ளும். குறுக்கே குறுக்கே தையல் ஓட்டிச் சின்னச் சின்ன அறையாக்க வேண்டும்.

பிற்பாடு குடியுரிமைக்கு எழுதிப் போட்டபோது மலாய் மொழியில் கேள்வி கேட்டார்கள். என் மலாய் சந்தையில் படித்த மலாய். மெத்தை விற்கிறேன், கடை என்னுடையது என்று சொன்னேன். அதிகாரி தலையாட்டிவிட்டுத் 'தொழிலாளி' என்று எழுதினார். ரஃபிதான் படித்துச் சொன்னான்; "விடுங்க அத்தா, சீட்டு கிடைச்சா சரி" என்றும் சொன்னான். நான் விடவில்லை. ஜன்னல் ஜன்னலாக அலைந்து, கடைச் சாவியைக் காட்டி, பக்கத்துக் கடைச் சீனனைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போய், திருத்த வைத்தேன். நான் செய்ததை நான் செய்ததாக எழுத வேண்டும். இது என் குணம். கெட்ட குணம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

5

ஐம்பதுகளின் நடுவில் திரும்பி வரும் அனுமதிச் சீட்டோடு ஊருக்கு வந்தேன். மெஹரும் ரஃபியும் பாலக்கரையில் இருந்தார்கள். அவர்களை அழைத்துப் போகத்தான் வந்தது. காகிதம் தயாராக மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அந்த மாதங்களில்தான் தோள்பாய் பிறந்தது.

பஷீர் கடையில் உட்கார்ந்து சொன்னேன். அப்போது அவர் சொன்ன வார்த்தை எனக்கு மனப்பாடம். "மாப்பிள்ளை, பாயும் இல்லாம மெத்தையும் இல்லாம இது என்ன சாமான்? ஒண்ணு பாய் விக்கணும், இல்லை மெத்தை விக்கணும். இதை எவன் வாங்குவான்?" கடைப் பையன்களும் சேர்ந்து சிரித்தார்கள். கோரையும் தரமாட்டேன் என்றார். நானே முசிறிக்குப் போய்ப் பச்சை மணம் போகாத நல்ல கோரையில் நெய்யச் சொல்லி வாங்கினேன். துறையூர்ச் சந்தையில் மலையிலிருந்து இறங்கும் இலவம்பஞ்சைக் காயாகவே வாங்கி வந்து வீட்டில் பிரித்தோம். ரஃபி அப்போது சின்னப் பையன். இலவங்காயைத் திண்ணையில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். இன்றைக்குக் கேட்டால் நினைவில்லையாம். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி நினைவிருக்கிறது.

தைத்தது மெஹர். காய்ந்த கோரையில் கோணி ஊசி போட்டால் கோரை பிளந்துவிடும். பாயை நனைத்து ஈரம் சுண்டும் பதத்தில் தைக்க வேண்டும். கோரை ஓடும் திசையிலேயே தையலும் ஓட வேண்டும். அப்போதுதான் சுருட்டினால் முறியாது. பார்த்துப் பார்த்து மூன்று பாய் வீணானது. நாலாவது நின்றது.

கீழ்ப்பக்கத்துக்கு முதலில் காடாத் துணிதான் வைத்தோம். அதைக் கோரையாக மாற்ற வைத்தவர் ஒரு ஸ்ரீரங்கத்துக்காரர். மார்கழிக்கு முந்தின சமயம். அவரும் கோஷ்டியும் திருப்பதிக்கு நடந்தே போகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ராகவையங்கார் என்று பெயர். அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போகும் வழியில் அவரைப் பிடித்துப் பாயைக் காட்டினேன்.

"என்ன சாயபு, மெத்தையா? நாங்கள் விரதத்திலே போறோம். மெத்தை ஆகாது."

"மெத்தை இல்லீங்க சாமி, பாய்தான். கையை வச்சுப் பாருங்க."

புரட்டிப் பார்த்தார். "அடியிலே துணி இருக்கே. துணின்னா தினம் நனைச்சு உலர்த்தினால்தான் மடி. நான் வழியெல்லாம் மெத்தையை உலர்த்திண்டு உக்காந்திருந்தா, திருவேங்கடமுடையான் எனக்காகத் திருக்காப்பை நீக்கி, கதவைத் திறந்து வச்சிண்டு காத்திண்டிருப்பானா?"

"பாயா இருந்தா?"

"பாய்க்குத் தோஷமில்லை. உதறினாப் போதும்."

இரண்டு நாளில் துணியைப் பிரித்து அடியிலும் மெல்லிய கோரை வைத்துக் கொண்டுபோனேன். இன்னும் லேசானது. படிக்கட்டுக் கல்லிலேயே விரித்துப் படுத்தார். கோஷ்டியில் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தூங்கிவிட்டாரோ என்று குனிந்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எத்தனையோ வருஷமா ஊர் ஊரா கல்லிலே படுத்திருக்கேன். இன்னிக்குத்தான் கல்லு என்னை விட்டுது."

எழுந்து உட்கார்ந்து தலைமாட்டைத் தடவினார். "இங்கே ஏன் வெறுமனே விட்டிருக்கீர்?"

மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? "நாங்க தொழும்போது நெத்தி வைக்கிற இடம் சாமி. கப்பல்ல யோசிச்சது. அங்கே பஞ்சு கூடாது."

கையை எடுத்துக்கொண்டார். பாயைப் பார்த்தார். "அப்போ இருட்டிலே மாத்தி விரிச்சு அங்கே காலை நீட்டிடக் கூடாதே. தடவினால் தெரியறாப்போலே ஒரு அடையாளம் வையும் ஐயா." அதற்குத்தான் தலைப்பக்கத்துப் பட்டையில் பச்சை நூல் முடிச்சு. அவர் கோஷ்டிக்கு வேண்டிய பாய்கள் அத்தனையும் அந்த முடிச்சோடுதான் போயின.

அடுத்த வாரமே கப்பல். காகிதம் வந்துவிட்டது. மிச்சக் கோரையையும் பஞ்சையும் ஒரு முழுப் பாயையும் பஷீர் கடையில் வைத்துவிட்டு, "யாராவது நடந்து போறவங்க கேட்டா இதைக் காட்டுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். "ஐயங்காரை நல்லா ஏமாத்திட்டே மாப்பிள்ளை" என்று தோளில் தட்டி அனுப்பினார். அதற்குப் பிறகு அந்தப் பாயைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் எனக்கு வந்ததில்லை. ஈத் வாழ்த்து வரும், மாவடு வரும்; அது மட்டும் வராது. இன்றைக்கு அந்தப் பாய் பழனிக்கும் சமயபுரத்துக்கும் நடக்கிறவர்கள் தோளிலெல்லாம் போகிறதாம். ஜமால் பெருமையாகச் சொல்கிறான்.

6

இதையெல்லாம் கூடத்தில் சொல்லி முடித்தேன். பச்சை முடிச்சை எடுத்துக் காட்டி, "இது எதுக்கு?" என்று ஜமாலைக் கேட்டேன்.

"அழகுக்கு மாமா. ஆரம்பத்துலேர்ந்தே போடுறோம்."

"அழகுக்கு!" என்றேன்.

ரஃபி தரையில் சம்மணமிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். "கதை நல்லாத்தான் இருக்கு அத்தா" என்றான். கதை. சாயங்காலம் வரை வெயிலில் உட்கார்ந்தது கதை, கடலில் போட்டது கதை.

அதற்குள் மாலை அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. மெஹர் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி, உளூ செய்துவிட்டு, ஈரக் கையோடு வந்தாள். அவளுடைய தொழுகைப்பாய் துவைத்துக் கொடியில் கிடந்தது. தரையில் புதுப்பாய் விரித்தபடி இருந்தது. முடிச்சைத் தடவிப் பார்த்துத் தலைப்பக்கத்தை மேற்கே திருப்பிப் போட்டாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதை ரஃபி பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மெஹர் முக்காட்டை இழுத்துவிட்டு நின்றாள். கையை உயர்த்தப் போனவள் நிறுத்திக் கீழே பார்த்தாள்.

நெற்றி வைக்க வேண்டிய இடத்தில் சிவப்பு எழுத்தில் அவள் அண்ணன் பெயர்.

பாயைவிட்டு இறங்கினாள். உள்ளே போய் என் சவர பிளேடை எடுத்து வந்து, உட்கார்ந்து, நூல் நூலாக அறுக்க ஆரம்பித்தாள்.

"மாமி! மாமி, அது அத்தா பேரு!"

"எனக்கு வாசிக்கத் தெரியும் ஜமால். எங்கண்ணன் பேருதான். அவன் பேரு மேல நான் சஜ்தா செய்யணுமா? அவனையே கூப்பிட்டுக் கேளு, வேணாம்னுதான் சொல்லுவான். அஞ்சு வேளையும் தொழுவுறவன். இந்த இடம் எதுக்குன்னு தெரிஞ்சிருந்தா அவன் கை இங்கே போயிருக்காது."

ஜமால் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுத வேண்டும். எனக்கு அப்படி இல்லை.

மெஹர் தலை நிமிராமல் மகனிடம் சொன்னாள்: "முதல் பாயைத் தைச்சது நானு. இந்தா, கட்டைவிரல்ல தழும்பு. உங்கத்தா என் தலைமாட்டுல நின்னுக்கிட்டு, அங்க பஞ்சு வைக்காதே, அங்க வைக்காதேன்னு கத்திக்கிட்டே இருந்தாரு. தெருவே வந்து என்னன்னு கேட்டுச்சு."

"அப்ப நான் கேட்டதுக்கு ஏம்மா சொல்லலை?"

"எங்கண்ணன் மகனை உக்கார வச்சுக்கிட்டுக் கேட்டே."

கடைசி நூலையும் உருவி, உதறி, அதே பாயில் நின்று தொழுதாள்.

ரஃபி சீமை மெத்தையை விட்டுவிட்டு அந்தப் பாயைத்தான் மலைக்குக் கொண்டுபோனான். போய்த் திரும்பி வந்ததும் கேட்டேன். நன்றாக இருந்ததாம், மழை பெய்ததாம், உதறினால் காய்ந்துவிட்டதாம், நண்பர்கள் எல்லோரும் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்னே?"

"ஊருலேர்ந்து வந்ததுன்னு சொன்னேன்."

"எங்கத்தா செஞ்சதுன்னு சொல்ல வாய் வரலையா?"

அவன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "பாலம் கதையெல்லாம் அவங்களுக்குத் தெரியும் அத்தா. எங்கே பேரு, காட்டுன்னு கேட்டா, எதைக் காட்டுவேன்? அங்கே ஊசி ஓட்டைதான் இருக்கு."

7

ஆகவே சங்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன். என் மச்சானுக்குப் பொன்னாடை போடுங்கள். நல்ல வியாபாரி என்று போடுங்கள். அதில் பொய் இல்லை, நான் விட்டுப் போன ஒரு பாயை ஊருக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் 'கண்டுபிடித்தவர்' என்று மேடையில் ஒருவர் வாயிலிருந்து வந்தால் அது பொய். அந்தச் சொல்லை மலரில் அச்சுக்குக் கோத்திருந்தால் எழுத்துகளைப் பிரித்துப் போடுங்கள். பாயின் படம் வருகிற அதே பக்கத்தில், படத்துக்கு அடியிலேயே, என் பெயர் வர வேண்டும். பின்பக்கத்து மூலையில் இல்லை. 'மைத்துனர்' என்று இல்லை.

காசு எனக்கு வேண்டாம். அவர் விற்றதில் பங்கும் கேட்கவில்லை. என்னிடம் கடை இருக்கிறது.

பஷீர் மச்சானுக்கு ஒன்று. ஜமால் ஊர் வந்து சேர்வதற்குள் இந்த மலர் வந்துவிட்டால் இதிலேயே படித்துக்கொள்ளுங்கள். தலைமாட்டில் இருக்கும் தையலை எல்லாப் பாயிலும் பிரித்துவிடுங்கள். என் பெயரையும் அங்கே தைக்கச் சொல்லவில்லை. அது யார் பெயரும் இருக்கக் கூடாத இடம். கால்மாட்டிலும் வேண்டாம், நான் மிதிபடச் சம்மதிக்க மாட்டேன். தோளில் மாட்டுகிற பட்டையின் உள்பக்கம் தையுங்கள், பச்சை முடிச்சுக்குப் பக்கத்தில். நடக்கிறவன் மாட்டும்போது ஒரு தடவை, கழற்றும்போது ஒரு தடவை கண்ணில் படட்டும். என் மகன் யாருக்காவது காட்ட வேண்டியிருந்தால் அங்கே விரலை வைத்துக் காட்டட்டும்.

'அப்துல் வஹாப், பாலக்கரை' என்று இருந்தால் போதும். எழுத்து பெரிதாக வேண்டாம். நூல் மட்டும் கெட்டியான நூலாக இருக்க வேண்டும்.